நூறு ஸ்கிப்பிங்

பள்ளி விட்ட பிறகு, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையத்தில் ஆறு வருடமாக நான்தான் சமையல். வெள்ளரி நறுக்குவேன், பட்டாணி அவிப்பேன், கேரட்டைப் பூவாகக்கூட வெட்டிப் பார்த்தேன். பாதி குப்பைக்கூடைக்குத்தான் போகும். ஒன்பது வயதான என் மகளும் அங்கேதான் இருப்பாள். கேரட்டைக் கண்டாலே, நான் விஷம் வைத்தது போல மூஞ்சியைச் சுளிப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன் விளையாட்டு டீச்சர் ஒருத்தி வந்து சேர்ந்தாள். கழுத்தில் எந்நேரமும் விசில். நான் வைத்த பெயர் விசில்காரி. வந்ததும் வராததுமாக, "சாப்பிட்டுட்டு ஓடினா வயித்தைப் பிடிச்சுக்கும்க்கா. முதல்ல ஓடட்டும், அப்புறம் சாப்பிடட்டும்" என்று நேரத்தை மாற்றினாள். ஓடிக் களைத்து வந்த பிள்ளைகள் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. மேலாளர் அம்மா எல்லார் முன்னாலும் அவள் கையைக் குலுக்கினாள். நறுக்கியது யார்? அவித்தது யார்? பேரைத் தட்டிக்கொண்டு போனது யார்?

அதுகூடப் போகட்டும். என் மகள் கேரட் தின்கிறாள்! நான் எவ்வளவு கெஞ்சியிருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அதே பாட்டு. "டீச்சர் சொன்னாங்க", "டீச்சர் முடியை இப்படித்தான் கட்டுவாங்க." பெற்றவள் நான், நேற்று வந்தவள் அவள். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன!

வெள்ளிக்கிழமை ஸ்கிப்பிங் போட்டி. நிற்காமல் நூறு குதித்தால் குழுவுக்கு லீடர். மகள் வீட்டில் தினமும் குதித்துப் பழகினாள்.

அன்று விசில்காரி வெளியே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பை வைக்க உள்ளே வந்த பிள்ளைகள் முன்னால் பொரித்த உருளைக்கிழங்கைக் குவித்தேன்.

"வாங்க செல்லங்களா, இன்னைக்கு முதல்லயே சாப்பாடு."

எல்லாம் பாய்ந்தன. மகள் மட்டும் தயங்கினாள். "நான் குதிக்கணும்மா."

"ஏன், அவ சொன்னாத்தான் சாப்பிடுவியா? அம்மா சொன்னா ஆகாதா?"

என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்கு மனசு குளிர்ந்தது. விசில்காரியின் பிள்ளைகள் ஓட முடியாமல் உட்காரட்டும், மேலாளர் அம்மா பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த வரிசையில் என் பிள்ளையும் நிற்பாள் என்பது எப்படித்தான் என் மரமண்டைக்கு உறைக்காமல் போனதோ!

நாற்பத்தொன்றில் கயிறு காலில் சிக்கியது. மகள் வயிற்றைப் பிடித்தபடி சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தாள். விசில்காரி முதுகைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"யாரு அக்கா முன்னாடியே சாப்பாடு போடச் சொன்னது?"

மேலாளர் அம்மாவும் என்னையே பார்த்தாள். நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"நான்தான் டீச்சர்" என்றாள் மகள், வாயைத் துடைத்துக்கொண்டு. "எல்லாருக்கும் பசிக்குதுன்னு நான்தான் அடம்பிடிச்சேன். அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. அம்மாவைத் திட்டாதீங்க."

விசில்காரி நம்பிவிட்டாள். முகம் வாடிப்போயிற்று. "லீடர் ஆகப்போறவளே இப்படிச் செஞ்சா எப்படிம்மா? இந்தத் தடவை வேற யாராவது லீடரா இருக்கட்டும்."

மகள் தலையாட்டினாள். விசில்காரியை விட்டு விலகி வந்து, என் பக்கத்தில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தான். உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.