தாளம் தப்பிய நண்டு

எங்கள் கார்ட்டூன் தொடர் வெறும் மொபைல் விளையாட்டாக இருந்தபோது அதில் நான்கு பிராணிகள். நாதஸ்வரக் காக்கை, ஜால்ரா ஆடு, தவில் அணில் மூன்றும் நான் வரைந்தவை. செண்டை கொட்டும் நண்டு மட்டும் என்னோடு வேலை பார்த்த அபினா வரைந்தது. பாட்டு ஓடும்போது கொட்டு விழும் நேரத்தில் சரியாகத் திரையைத் தட்ட வேண்டும். பிந்தினால் தோல்வி. அவ்வளவுதான் விளையாட்டு.

கோட்டாறில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. 2013இல் சென்னைச் சேனல் ஒன்று அந்த விளையாட்டைக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடராக்கித் தரச் சொன்னது. விளையாட்டில் கதை கிடையாது. தொடருக்குக் கதை வேண்டும், கதைக்கு ஒரு நாயகன் வேண்டும். சேனலிலிருந்து வந்த மேடம் நான்கையும் பார்த்துவிட்டு நண்டின்மேல் விரலை வைத்தார்.

மூன்று வரைந்தவள் நான். ஒன்றே ஒன்று வரைந்தவள் அவள். தொடர் தொடங்கும்போது 'நாயகன் உருவாக்கம்: அபினா' என்று தனியாக வருமென்று முதலாளி சைபுதீன் சொன்னார். என் பெயர் கடைசியில், இருபது பெயரோடு சேர்ந்து, யாரும் வாசிப்பதற்குள் ஓடிவிடும். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அபினா தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அருமனையிலிருந்து வரும் எனக்கும் அவளுக்கும் மதியச் சோறு ஒன்றாகத்தான். அவள் கொண்டுவரும் மீன்குழம்பில் பாதி என் வயிற்றுக்குள்தான் போகும். அதே வயிறுதான் எரிந்தது.

"ஏட்டி ரெஜிஷா, ஒனக்குச் சங்கடமா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னட்டி சங்கடம்? ஒன் நண்டு, ஒன் பேரு."

டிசம்பர் மூன்று, சவேரியார் கோயில் திருவிழா. மாவட்டத்துக்கே விடுமுறை. கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். போகவும் செய்தேன், மெழுகுதிரியும் கொளுத்தினேன். பிறகு ஸ்டூடியோவைத் திறந்தேன். படத்தையும் ஒலியையும் சேர்க்கும் கடைசி வேலை என்னுடையது என்பதால் ஒரு சாவி என்னிடம் உண்டு.

ஒரு நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். நண்டு அடிக்கும் ஒவ்வொரு அடியையும் கொட்டுச் சத்தத்திலிருந்து நான்கு ஃபிரேம் பின்னால் தள்ளினேன். காக்கையும் ஆடும் அணிலும் அச்சாகத் தாளத்தில் நிற்க, நண்டு மட்டும் பிந்திப் பிந்தி அடித்தது. பாட்டுத் தொடரில் தாளம் தப்புகிற நாயகனை யார் வைத்துக்கொள்வார்கள்? நண்டை அசைய வைத்தவள் அபினா, அவளுக்கு வேலை தெரியவில்லை என்பார்கள், என் காக்கையைக் கூப்பிடுவார்கள். இதுதான் என் கணக்கு. சவத்து நண்டு ஒழியட்டும்.

மறுவாரம் மேடம் வந்தார். முதல் பகுதியைப் போட்டோம். நண்டு முதல் அடியைப் பிந்தியடித்ததுமே அபினாவின் முகம் வெளுத்தது. நான் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அடிச்ச பிறகு இவன் அடிக்கிறான் பாருங்க! இதுதான் இவனோட குணம். குழந்தைங்க இவனை விடவே மாட்டாங்க. யாரோட யோசனை இது? அந்தப் பேரையும் ஆரம்பத்துலயே தனியாப் போடுங்க."

"நான் சரியாத்தான் வச்சேன் மேடம்," என்றாள் அபினா. "இது யாரு செஞ்சதுண்ணு எனக்கு அறியாது."

சைபுதீன் சார் என் பக்கம் திரும்பினார். "ரெஜிஷா, நீயா?"

நான் ஏங்கிக் கிடந்தது அப்படித் தனியாகப் பெயர் வருவதற்குத்தான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எப்போது செய்தாய் என்று கேட்பார்கள். திருவிழா அன்றைக்குப் பூட்டைத் திறந்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எதற்காகச் செய்தாய் என்று கேட்பார்கள்.

"இல்ல சார்," என்றேன்.

"அப்ப நண்டே தானாப் பிந்திருக்கும்," என்று அவர் சிரித்தார். அபினாவின் பெயர் அப்படியே நின்றது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரைப் பிடித்தேன், அந்தப் பிள்ளையாரும் அவள் வீட்டுக்குப் போய்விட்டார்.

தொடர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அபினா தூக்குவாளியில் மீன்குழம்போடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அக்காள் மகள் டிவி முன்னால் உட்கார்ந்து, பாட்டுக்கு நண்டைப் போலவே பிந்திப் பிந்திக் கை தட்டினாள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் என்னுடையது. எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது. என் வேலையைப் பார்த்தே எனக்குப் பொறாமையாக இருந்தது.

"திருவிழா அன்னைக்கு ஒன்ன எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?" என்றாள் அபினா, டிவியைப் பார்த்தபடியே. "ஸ்டூடியோவுக்குக் கீழ மளிகைக் கடைக்காரருட்ட கேட்டேன். மாடிக்குப் போனாண்ணு சொன்னாரு."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, அபினா ஆன்டிக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தோணுது? ஒங்களுக்கு ஏன் தோணல?"

அபினா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவளுக்கும் தோணும் மக்ளே. வெளிய சொல்லத்தான் மாட்டா."

பிறகு எனக்குச் சோறு போட்டு, எப்போதும்போல் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினாள்.