சமையலறை ஜன்னலுக்கு வந்த பந்துகள்

அந்த ஆண்டு தேசிய லீக்கில் கோல்கீப்பர் விட்ட கோல் ஒவ்வொன்றும் அவனுக்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் ஆட்டத்தன்று அவன் மனைவி பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு பந்து உள்ளே விழுந்து, உருண்டு, கட்டிலுக்கடியில் போய் நின்றது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, புல்லும் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மைதானமோ இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். அங்கே ஆடிய பந்து அங்கேயேதான் இருந்ததாம். சாயங்காலம் வந்த புருஷன், "பரவாயில்ல, ரெண்டு பக்கமும் கோல் இல்லாம சமமா முடிஞ்சுது" என்றான். அவள் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு பந்தையும் விளக்குமாற்றால் அவன் முன்னே உருட்டிவிட்டாள். அதற்குமேல் பொய் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

கண்ணாடி விற்கிற விலையில், ஆட்ட நாட்களில் ஜன்னலைத் திறந்தே வைத்தாள். லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார், "வீடு தேடி வர்றத வாசல்ல நிறுத்தக் கூடாதும்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரேடியோவைவிட ஜன்னல் வேகம் என்று கண்டுகொண்ட தெருக்காரர்கள் சுவரோரம் வந்து நின்றார்கள். அறிவியல் வாத்தியார் ஒருவர் ஒரு பந்தை நிறுத்துப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். பரணிலும் தையல் மெஷினுக்கடியிலும் பந்துகள் நிறைந்தன. ஒரே ஆட்டத்தில் ஐந்து வந்த அன்று கோல்கீப்பர் வாசல்வரை வந்தான். கால்வைக்க இடமில்லாததைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, கிளப் விடுதிக்குப் போய்விட்டான். "ஒரு ஆட்டமாவது ஒண்ணும் வராம இருக்கட்டும், அன்னிக்கு வர்றேன்" என்று போனில் சொன்னான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கட்டிக்கிட்டது உங்களையா, ஸ்கோரையா என்று கேட்க நினைத்தவள், சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டாள். கல்யாணமான புதிதில் அவன் வெங்காயத்தை வீசிவீசி அவளுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். இரண்டு கட்டைவிரலும் ஒட்டியிருக்கணும், இல்லாவிட்டால் நழுவிவிடும் என்பான். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வந்தது. ஒரு ஆட்டம்கூடப் பந்து வராமல் போகவில்லை, சீசன் அப்படியே ஓடிற்று.

கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் விட்டாலும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். அப்படி ஆனால் தூர ஊரில் இருக்கும் அண்ணனிடம் வேலைக்குப் போய்விடுவதாகவும், இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்றும் அவன் சொல்லியிருந்தான். அவள் வேலையை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றாள். கடைசி நிமிடம்வரை ஒன்றும் வரவில்லை. அப்போது எதிரணிக்குப் பெனால்டி என்றது ரேடியோ. அது சொல்லி முடிப்பதற்குள், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பந்து வருவது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கை பளீரென்று எரிந்தது, பந்து நின்றது. "வர்றத நிறுத்தக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்த மாமனார், ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். கோல்கீப்பரைத் தாண்டிப் போன பந்து கோட்டின்மேல் அப்படியே நிற்கிறதாம். கையிலிருந்த பந்தை ஜன்னலுக்கு உள்ளே இழுக்கவும் பயம், விடவும் பயம். நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். அவன் தவழ்ந்துபோய்ப் பந்தை அள்ளிக்கொண்டான் என்று ரேடியோ கத்தியபோது அவள் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சேறு காயாத உடையோடு அவன் வந்தான். முதலில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான், பழைய பந்துகள்தான் இருந்தன. பிறகு சிவந்து வீங்கிய அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"கட்டைவிரலை ஒட்டி வைக்கல நீ" என்றான்.

"எப்படியோ நின்னுச்சுல்ல. வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

அடுத்த சீசன் தொடங்கியபோது சமையலறை ஜன்னலோரம் ஓர் ஆணியில் இன்னொரு ஜோடி கோல்கீப்பர் கையுறை தொங்கியது. ஆட்ட நாட்களில் அவள் தையல் வேலை எடுத்துக்கொள்வதில்லை.