கம்பைப் பிடுங்கச் சொல்லவில்லை

"அப்பா, பிடுங்காதீங்க!"

கத்தினேன். காற்று அப்பா பக்கமிருந்து என் பக்கம் அடித்தது; அவருக்குக் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கடைசிக் கம்பை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தார். சேற்றை விட்டு அது வந்த சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது. அதைத் தோணிக்குள் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்பதுபோல என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

எனக்குப் பக்கத்தில் லோஞ்ச் படகின் முனையில் நின்ற வெள்ளைக்காரத் துரையும் பதிலுக்குக் கையை உயர்த்தினார். பிறகு சுங்கானைத் திரும்ப வாயில் வைத்துப் புகை விட்டார். அந்தச் சுங்கானால்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் பிந்தி விளங்கியது.

காலையில் அதே லோஞ்ச் வந்தபோது நான்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். சண்டை வந்து குண்டு போட்ட பிறகு மட்டக்களப்பில் என் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அதனால் பெரியகல்லாற்றுக்கு வந்திருந்தேன். கரையில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "நேசம், நீ கேட்டுச் சொல்லு மனே" என்று அப்பா என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

துரை வேகமாகப் பேசினார். இரவு, லோஞ்ச், வலை, சண்டை எல்லாம் பிடிபட்டன. ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை: சஸ்பெண்ட். ஸ்டொப் தெரியும். மழை விட்டது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் சீஸ் என்று இருந்தது. பாலத்தடியில் சிப்பாய் துவக்கை நீட்டிக்கொண்டு ஹோல்ட் என்பான். இதுவும் அவற்றின் தங்கச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நிப்பாட்டட்டாம்."

"நிப்பாட்டுறதெண்டா எப்பிடி? வலையைக் கழட்டுறதா, கம்பையும் பிடுங்குறதா? வடிவாக் கேளு மனே."

சரியான கேள்வி. துரையிடம் அப்படியே கேட்டிருக்கலாம். ஆனால் என் மச்சாள் புஸ்பத்தின் அப்பா நல்லரத்தினம் மாமா பக்கத்தில் நின்று, "என்ன மருமகளே, பள்ளிக்கூடத்தில அந்தப் பாடம் வரல்லியோ?" என்று சிரித்தார். எனக்கு முகம் சுட்டது.

"எல்லாத்தையும்தான்" என்றேன்.

எங்கள் ஆற்றில் ஒரு ஒழுங்கு உண்டு. இறால் வலை கட்டுகிற கட்டுக்குக் கம்பு நட்டவருக்கு அந்த இடம் சொந்தம். வலை கட்டாமல் ஒரு வருசம் விட்டாலும் ஒரு கம்பு நின்றால் போதும், யாரும் தொடமாட்டார்கள். கடைசிக் கம்பும் போய்விட்டால் இடத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம். மறுநாள் விடிய, பிடுங்கியவரைத் தவிர, யார் முதலில் நடுகிறாரோ அவருக்கு. வாயால் ஒருவரும் எதுவும் சொல்வதில்லை. கம்புதான் சொல்லும். எங்கள் இடம் முகத்துவாரத்து நீரோட்டத்தில் இருப்பது. நாங்கள் சாப்பிடுவதே அதில்தான்.

பின்னேரம் லோஞ்ச் திரும்பி வந்தபோது துரை வெறும் தண்ணீரைப் பார்த்துக் குழம்பிப்போனார். ஏன் பிடுங்குகிறார்கள் என்று என்னைக் கேட்டார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன், தெரிந்த இங்கிலீஷில். அவர் கொஞ்சம் யோசித்தார். வாயிலிருந்த சுங்கானை எடுத்து, புகைந்தபடியே லோஞ்சின் விளிம்பில் வைத்தார். "சஸ்பெண்ட்" என்றார். பிறகு அதைத் தூக்கி ஆற்றுக்குள் எறிவதுபோலக் கையை வீசி, எறியாமல் தலையை ஆட்டினார். அது இல்லை. இரவில் மட்டும், சண்டை முடியும்வரை மட்டும் வலை வேண்டாம் என்றுதான் சொன்னாராம்.

அப்போதுதான் திரும்பி அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

லோஞ்ச் போன பிறகு அப்பா கரைக்கு வந்தார். "துரை என்னவாம்?"

"ஒண்டுமில்லப்பா."

மாமா கம்புக் குவியலைக் காலால் தட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், ஆத்தைக் கூட்டித் துடைச்சு விட்டுட்டீங்க?"

"துவக்கு வச்சிருக்கிறவனோட என்னத்தைக் கதைக்கிற?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கட்டு இரண்டு வருசமாகச் சேறு மூடிக் கிடக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பார்வையைக் கண்டதும் நான் கம்புக் குவியலுக்கு முன்னால் போய் நின்றேன்.

இப்போது எல்லாரும் படுத்துவிட்டார்கள். புஸ்பம் மச்சாள் இன்றைக்கு எங்கள் வீட்டில்தான் படுக்கை. ஒரே பாயில் கிடந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு, "திரும்பச் சொல்லுகா. எத்தின சொல்லு வச்சிருக்கானுகள்?" என்றாள்.

சொன்னேன். ஓடுகிற வண்டி நிற்கிறது ஸ்டொப். தானாக அடங்கிப்போவது சீஸ். அந்த இடத்திலேயே அசையாமல் நில் என்பது ஹோல்ட். விட்டுட்டுப் போய்விடு என்பது குவிட். இந்தியாவில் வெள்ளைக்காரனைப் பார்த்து அதைத்தான் சொல்கிறார்களாம், பேப்பரில் இருந்தது.

"அப்ப அவங்களுக்குச் சஸ்பெண்ட் போதாதாமோ?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டோம். பயத்தோடு பயமாக எனக்கு ஒரு ஆசையும் வந்தது, இன்னும் எத்தனை சொல் இருக்கும் என்று. நாங்கள் நிப்பாட்டு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு கையாலும் கண்ணாலும் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். பசி நிற்பதை எந்தச் சொல்லால் சொல்வார்கள்? மூச்சு நிற்பதை?

புஸ்பம் சிரிப்பை விட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நேசம், அப்பா பின்னேரமே கண்ணா மரத்துக் கம்பு வெட்டி வச்சிட்டார். விடிய நடப்போறார். வலை கட்டாமக் கம்பு மட்டும் நட்டா துரை ஒண்டும் சொல்லமாட்டாராம்."

நானும் எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் இப்ப போய்ச் சொல்லட்டா?"

"என்னெண்டு சொல்லுவா?"

"நீ பிழையாச் சொன்னதால, உங்கட அப்பா தெரியாமப் பிடுங்கிட்டார் எண்டு." பிறகு தலையை ஆட்டினாள். "அப்பா கேப்பார், கம்பு நிக்குதா எண்டு. நிக்கல்லத்தானே."

"நிக்கல்ல."

"உங்கட அப்பாட்டச் சொன்னா?"

"அடிப்பார். அடிச்சாப் பரவால்ல. போய் மாமாட்டக் கேக்கமாட்டார். தன்ட கையால பிடுங்கினதைத் திரும்பத் தாங்க எண்டு அவர் ஆரிட்டயும் கேக்கமாட்டார்."

புஸ்பம் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தாள். இடம் அவர்களுக்குப் போனால் அவள் வீட்டிலும் அடுப்பெரியும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் கையை விடவில்லை.

"மச்சாள், உங்கட அப்பா இடத்தை விடுறன் எண்டு நினைச்சுப் பிடுங்கல்லியே" என்றாள். "மனசில விடாம, கையால மட்டும் பிடுங்கினா, அது விட்டதா, விடல்லியா?"