பழப் பதிவேடு

சக்கரபாணி பேசுவதற்கு முன் கோட்டின் மேல் பொத்தானைப் போடுவார். போட்டுவிட்டால் அரைமணி நேரத்துக்குக் கம்மியில்லை. திருவண்ணாமலை வெயிலில் கோட்டு போட்டு நடமாடிய ஒரே ஜீவன் அவர்தான். சொந்தமாக இங்கிலீஷ் நர்சரிப் பள்ளி நடத்துகிறவர், அதற்குத் தலைமையாசிரியரும் அவரே. கோட்டைத் தைத்தவர் தேரடித் தெரு தையல்காரர் தசரதன். உள்ளே வைத்த லைனிங் பழைய பாவாடைத் துணி என்பது தசரதனுக்கும் அவர் பெண்டாட்டி ஜோதியம்மாளுக்கும் மட்டுமே தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் புரட்டாசியில் சக்கரபாணி பெற்றோர் கூட்டம் போட்டார். பொத்தான் போட்டார்.

"ஆசிரமத்துல ஒரு ஜெர்மன்காரரைப் பார்த்தேன். அவங்க ஊர்ல பிள்ளைங்க சாப்பாட்டு டப்பாவுல தினம் ஒரு பழம் இருக்குமாம். அதனாலதான் அவங்க ராக்கெட் விடறாங்க. நாம மாவிளக்கு போடறோம். நாளையிலேர்ந்து ஒண்ணாங் கிளாஸ்ல எல்லா டப்பாவுலயும் பழம் இருக்கணும். மத்தியானம் நானே செக் பண்ணுவேன். இல்லைன்னா கரும்புள்ளி. மூணு கரும்புள்ளி, டி.சி."

பழம்தானே என்று எல்லோரும் எழுந்துகொண்டார்கள். ஜோதியம்மாள் மறுநாள் மகள் உண்ணாமலையின் டப்பாவில் நாலு இட்லியோடு ஒரு கொய்யா வைத்தாள். கரும்புள்ளி வந்தது. அடுத்த நாள் சீத்தாப்பழம் வைத்தாள், ஜவ்வாது மலையிலிருந்து கூடையில் வந்தது, தேனாக இனித்தது. இரண்டாவது கரும்புள்ளி.

பள்ளிக்கு ஓடினாள்.

"சீத்தாப்பழம் பழம் இல்லீங்களா சார்?"

"காட்டுல காய்க்கிறதெல்லாம் பழமாம்மா?" சக்கரபாணி பாடப்புத்தகத்தைத் திறந்தார். "ஏ-க்கு என்ன? ஆப்பிள். ஓ-க்கு? ஆரஞ்சு. படம் போட்டிருக்கான் பாருங்க. உங்க சீத்தாப்பழம் எந்தப் பக்கத்துல இருக்கு?"

"வாழைப்பழமாவது?"

"பி-க்கு பேட்டுதான் போட்டிருக்கான்."

ஊர் முழுக்க அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைப்பழம் தொங்குகிறது. அதைப் பழமில்லை என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரே என்று ஜோதியம்மாளுக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. பள்ளியில் இந்த இடம் கிடைக்க அவள் புருஷன் மூன்று கோட்டு இனாமாகத் தைத்திருக்கிறார். இன்னும் ஒரு புள்ளி விழுந்தால் பெண் வீட்டுக்கு வந்துவிடும்.

நேராகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹபீப் முகம்மதுவின் பழக்கடைக்குப் போனாள். அவர் மகள் ரஹமத்தும் அதே வகுப்பு.

"பாய், ரஹமத் டப்பாவுல ஆப்பிள் வெச்சு அனுப்புறீங்களா?"

"கடைக்காரன் பொண்ணாச்சே, வெக்காம? ஆனா தின்னக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புறேன். சாயங்காலம் திரும்பி வந்துடும். லுங்கியில தொடைச்சு மேல அடுக்கிடுவேன்."

"திரும்பி வர்றதுக்கு முன்னாடி என் பொண்ணு கையிலயும் கொஞ்ச நேரம் இருந்தா என்னாங்க?"

பாய் யோசித்தார். "கடிக்காத வரைக்கும் ஆப்பிளுக்கு ஒண்ணும் ஆவாது தங்கச்சி. பல்லு பட்டாதான் எச்சில்."

அந்தத் தத்துவத்தின் மேல்தான் மொத்த ஏற்பாடும் நின்றது. விஷயம் ரெண்டு நாளில் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் வீட்டுக்கும் போனது. மத்தியானம் பிள்ளைகள் டப்பாவைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்பார்கள். சக்கரபாணி ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்து "குட்" என்பார். பிறகு குனிந்து பதிவேட்டில் டிக் போடுவார். அவர் டிக் போடுகிற நேரத்தில் ஆப்பிள் முதுகுப் பக்கமாக அடுத்த டப்பாவுக்குப் போய்விடும். கடைசிப் பிள்ளை வரைக்கும் இப்படியே. ஒரு மாதமாகத் தினம் இருபத்திரண்டு ஆப்பிள் பதிவாயிற்று.

ஒருநாள் அவர் தசரதனிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். "எல்லா வீட்லயும் ஒரே சைஸ், ஒரே கலர்ல வாங்குறாங்கய்யா. காம்புகூட ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கு. இதுதான் ஒழுக்கம்."

தசரதன் வாயில் குண்டூசி இருந்ததால் பிழைத்தார்.

ஐப்பசியில் வேலூரிலிருந்து கல்வி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிக்கு அங்கீகாரம். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான். சக்கரபாணி தாய்மார்களைப் பட்டுப்புடவையில் வந்து சுவரோரம் நிற்கச் சொன்னார். உண்ணாமலைக்குப் புதுச் சட்டை என்பதால் வரிசையில் முதலில் நிறுத்தினார். ரஹமத் ஆப்பிளை உண்ணாமலையின் டப்பாவில் வைத்துவிட்டு அடுத்ததாக நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய அதிகாரி இரண்டு மணிக்கு வந்தார். பின்னால் தோல் பையோடு டவாலிச் சேவகன். சக்கரபாணி பொத்தான் போட்டு, ஜெர்மனி, ராக்கெட் எல்லாம் முடித்து, பதிவேட்டை நீட்டினார்.

"இருபத்திரண்டு பிள்ளைங்க, இருபத்திரண்டு ஆப்பிள் சார். ஒரு நாள் தவறினது கிடையாது."

அதிகாரி உண்ணாமலையிடம் குனிந்தார். "பாப்பா என்ன கொண்டாந்திருக்கே?"

காலையில் ஜோதியம்மாள் தலை பின்னும்போது ஒரே ஒரு புத்தி சொல்லியிருந்தாள். "பெரிய மனுஷங்க வராங்க, மரியாதையா நடந்துக்கோ." கோயில் ஊரில் பிறந்த குழந்தைக்குப் பெரிய மனுஷருக்கான மரியாதை என்றால் ஒன்றுதான். தர்மகர்த்தா வந்தாலும் சாமியார் வந்தாலும் கையில் ஒரு பழம் கொடுப்பதைத்தான் அது பார்த்து வளர்ந்திருக்கிறது. உண்ணாமலை இரண்டு கையாலும் ஆப்பிளை எடுத்து நீட்டினாள்.

அதிகாரியின் கையும் லேசுப்பட்டதில்லை. போகிற ஊரெல்லாம் எலுமிச்சம்பழம் வாங்கிப் பழகிய கை. தானாக நீண்டது, வாங்கியது, பின்னால் கொடுத்தது. ஆப்பிள் டவாலியின் பைக்குள் போயிற்று.

ஜோதியம்மாள் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

அதிகாரி ரஹமத்தின் டப்பாவைப் பார்த்தார். இட்லி, கொய்யா. அடுத்ததில் தயிர் சோறு, வாழைப்பழம். அதற்கடுத்ததில் புளிசாதம் மட்டும். கடைசி வரை நடந்துபோய்த் திரும்பினார்.

"மீதி இருபத்தோரு ஆப்பிள் எங்க?"

சக்கரபாணி போட்ட பொத்தானையே மறுபடி போடப் பார்த்தார்.

ரஹமத் உதவிக்கு வந்தாள். டவாலியின் பையைக் காட்டி, "அதான் அந்தப் பையில இருக்கே சார்" என்றாள்.

"அது ஒண்ணுதானே?"

"எல்லாருக்கும் அதே—"

ஜோதியம்மாள் அதற்குள் பாய்ந்து வந்து பக்கத்து டப்பாவிலிருந்த வாழைப்பழத்தை உரித்து ரஹமத்தின் வாயில் திணித்துவிட்டாள்.

"கொழந்தை பசியில உளறுதுங்க. ஐயா பன்னெண்டு மணிக்கு வர்றதா சொன்னாங்க. மணி ரெண்டாச்சு. பச்சைப் புள்ளைங்க எவ்ளோ நேரம்தான் தாங்கும்? ஆளுக்கொரு ஆப்பிளைத் தின்னுடுச்சுங்க. ஐயா வர்றதுக்கு முன்னாடி சோத்துல கை வெக்கக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு, அதனால சோறு மட்டும் அப்படியே கெடக்கு. என் பொண்ணுதான் ஐயாவுக்குக் குடுக்கணும்னு தின்னாம வெச்சிருந்தது."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஜீப்பு பஞ்சர்" என்றார். "சரி சரி, பிள்ளைங்க சாப்பிடட்டும்."

அதற்குமேல் ஆப்பிள் பற்றி அவர் பேசவில்லை. நின்ற நிலையிலேயே அங்கீகாரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். பஞ்சர் ஒட்டாத ஜீப்பு ஜோராகக் கிளம்பிப் போயிற்று.

சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டின் பொத்தான் கழன்றிருந்தது. பதிவேட்டைப் பார்த்தார், பிறகு ஜோதியம்மாளைப் பார்த்தார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லும்மா. மொத்தம் எத்தனை ஆப்பிள்?"

"இன்னைக்குங்களா, இந்த மாசம் பூராவுமா?"

"மாசம் பூரா."

"பாய் கடையில ஒண்ணு ரெண்டு வித்துப்போயிருந்தா வேற வந்திருக்கும் சார். ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல பாத்ததில்லீங்க. இன்னைக்கி அதுவும் வேலூர் போயிடுச்சு. பாய்க்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து கொய்யாவைப் பங்கு போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணுக்கு ரெண்டு கரும்புள்ளி இருக்குதுங்க. இன்னைக்கி அதிகாரி டப்பாவைக் காலி பண்ணிட்டாரு. இதையும் சேத்து மூணுன்னு போட்டுடுவீங்களோன்னு பயமா இருக்கு" என்றாள் ஜோதியம்மாள், மிகவும் பணிவாக.

சக்கரபாணி பேனாவை எடுத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தாள் கிழிகிற அளவுக்கு அடித்தார்.

"அப்ப நாளைக்கு என்ன வெச்சு அனுப்பட்டும் சார்?"

"எதை வேணும்னாலும் வெச்சு அனுப்பும்மா" என்றார் சக்கரபாணி. "மூடியை மட்டும் நல்லா இறுக்கி மூடு."