கவரேஜ் மேடு

மூன்று வருடமாக ஒரு சொல் பேசாத என் மகள், மார்கழி மழை நாளொன்றின் மத்தியானத்தில் என் போனுக்கு ஒரு சிவப்புப் புள்ளியை அனுப்பினாள். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் அந்தப் புள்ளிதான். அதன் கீழே அவளது குரல்.

"அம்மா, அவரப் புடையன் பாம்பு கடிச்சிட்டு. விடியக்காலம வரம்பு வெட்டப் போன இடத்தில. தண்ணிப்பாம்பெண்டு சொல்லிக்கிட்டுக் கிடந்தவர், இப்ப பல்லு முரசால ரெத்தம் வருது. அம்புலன்ஸ் தார் ரோட்டுக்கு இங்கால வராதாம். உங்களுக்குத்தான் இந்தப் பாதையெல்லாம் தெரியும். கெதியா வாங்கம்மா."

'அவர்' என்பது வினோஜன். உன்னிச்சைக் குளத்துக்கு மேற்கே வயல் செய்கிறவன். வேதக்காரப் பிள்ளையாக வளர்த்த என் மேர்லின், பிள்ளையார் கோயிலில் அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று வாசல் படலையில் நின்று ஊர் கேட்கச் சொன்னேன். சொன்ன சொல்லிலேயே நின்றும் காட்டினேன். பிடிவாதத்தில் என்னை வெல்ல ஒருத்திதான் உண்டு, அவளும் என் வயிற்றில் பிறந்தவள்.

அந்தப் பக்கத்துப் பாதைகள் எனக்குத் தெரிந்த கதை வேறு. சண்டை முடிந்த பிறகு அங்கே கண்ணிவெடி அகற்றும் குழுவில் நான் வேலை செய்தேன். முதலில் மண்ணைக் கிண்டினேன், பிறகு வரைபடமும் ஜீபிஎஸ் கருவியும் என் பொறுப்பாயின. வேலை முடிந்தபோது கழித்துவிட்ட கருவியொன்றையும் மழை படாமல் பிளாஸ்ரிக் ஒட்டிய வரைபடத் தாளொன்றையும் எனக்கே தந்துவிட்டார்கள். இரண்டும் அலுமாரியில் என் நல்ல சேலைகளுக்கு அடியில் கிடந்தன.

இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு முனாப்புக்குப் போன் அடித்தேன். காத்தான்குடிக்காரன். எங்கள் குழுவின் ஜீப்பை ஓட்டியவன், இப்போது சொந்தமாக ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறான்.

"தம்பி, ஜீப்ப எடு. உன்னிச்சைக்குப் போகணும்."

"இந்த மழைக்குள்ளயா அக்கா?"

"வெயிலெண்டா உன்ன ஏன் கூப்பிடுறன்? ஓட்டோவில போவன். மருமகனப் பாம்பு கடிச்சிட்டு."

மருமகன் என்று என் வாயால் வந்ததுதான் தாமதம், அவன் போனை வைத்துவிட்டான். பிறகு வந்தான், சேர்ட் பொத்தானைக்கூடப் பூட்டாமல் வந்தான்.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது வாவி இரண்டு பக்கமும் தெருவை நக்கிக்கொண்டிருந்தது. உன்னிச்சையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவொன்று எதிரே வந்தது. குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள், தாழ்ந்த வட்டைகளில் இருப்பவர்கள் வெளியேறவும் என்று கத்திக்கொண்டே போனது. வட்டை முழுக்க வயல், அதற்குள் ஓலைக் கூரை வாடிகளில் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

தார் ரோட்டு முடிவில் முனாப்பின் போன் நீலக் கோடொன்றைக் காட்டி, இதால் போ என்றது. அந்தக் கோடு போகும் இடம் கோடையில் நெல் ஏற்றுகிற மெசின்கள் ஓடும் தடம். வானத்திலிருந்து படம் எடுத்தவன் ஆவணியில் எடுத்திருப்பான். மாரியில் அதில் இறங்கினால் ஜீப் அப்படியே மிதக்கும்.

"போன மூடு" என்றேன். மகள் அனுப்பிய புள்ளியின் இலக்கங்களைக் கருவிக்குள் போட்டேன். அது வரைபடத்துக் கட்டங்களுக்கு ஏற்ற ஆறு இலக்கங்களாக மாற்றித் தந்தது. முதல் மூன்றும் கிழக்கே எவ்வளவு தூரம் என்று சொல்லும், அடுத்த மூன்றும் வடக்கே எவ்வளவு என்று சொல்லும். தாளில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் விரலை வைத்தேன். போனுக்குக் கவரேஜ் இல்லாவிட்டால் என்ன, கருவிக்கு வானம் தெரிந்தால் போதும். பிறகு விரலிலிருந்து பின்னோக்கி, தண்ணீர் ஏறாத வண்டிப் பாதையாகப் பார்த்துப் பார்த்து முனாப்புக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இடக்கைப் பக்கம், மதகுக்கு மேலால், நாவல் மரத்தோடு திரும்பு.

"அக்கா, கண்ணிவெடிக்குள்ள ஓடினது இத விடச் சுகம்" என்றான். அப்போது சக்கரம் பாதி சேற்றுக்குள் போயிருந்தது.

புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். கருவி, இதுதான் இடம் என்று கீச்சிட்டது. வயலுக்கு நடுவே காய்ந்த பாக்கு நிறத்தில் ஒரு மேடு, அதன் உச்சியில் ஒற்றைப் பனை. மனிதர் இல்லை. வாடியும் இல்லை.

"மேர்லின்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அடியே, எங்கடி இரிக்கிறாய்? இடத்த அனுப்பிப்போட்டு எங்க போய்த் தொலைஞ்சாய்? ஒரு இடத்தில நிக்கத் தெரியாத கழுதை!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை. நான் திட்டிக்கொண்டிருக்க, முனாப் பனையடிக்குப் போய்ப் பார்த்தான். பனையில் ஒரு பிளாஸ்ரிக் போத்தலைப் பாதியாக வெட்டி, நெஞ்சுயரத்தில் கட்டியிருந்தார்கள், போன் வைக்கிற அளவுக்கு. கீழே சுரண்டிய ரீலோட் காட்டுகள், வெற்றிலைத் துப்பல்.

"அக்கா, இது கவரேஜ் மேடு. இந்த வட்டைக்குள்ள இஞ்ச மட்டும்தான் போன் பிடிக்கும் போல. கதைக்கிற எல்லாரும் இஞ்ச வந்துதான் கதைக்கிறாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை இங்கே ஓடி வந்து, இங்கே நின்று 'இந்த இடம்' என்று அனுப்பியிருக்கிறாள். போன் நின்ற இடத்தைத்தானே போன் சொல்லும்? அனுப்பிவிட்டு, தனியே கிடக்கும் புருஷனிடம் திரும்பி ஓடியிருக்கிறாள். நாங்கள் அவளது காலடியைத் தேடி வந்திருக்கிறோம், அவனையல்ல. மாதாவே, அவளைத் திட்டின வாயால் என்னைத் திட்டவும் எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஜீப்பின் மூக்கில் தாளை விரித்தேன். ஆட்கள் வாடி போடுவதென்றால் குடிக்கத் தண்ணீர் வேண்டும், வெள்ளம் ஏறாத நிலம் வேண்டும். அந்த வட்டையில் இரண்டும் உள்ள இடம் ஒன்றுதான். வாய்க்காலுக்கு அங்காலே ஒரு கல்கிணறு. அதைச் சுற்றி நாங்களே வெடி அகற்றியிருந்தோம். கிணற்றுக்கு மேட்டிலிருந்து வரம்பால் நடந்தால் கிட்ட. ஜீப் என்றால் மேலே போய், கல்மதகைக் கடந்து, சுற்றி வர வேண்டும்.

"சுத்துவம்" என்றேன். மதகைக் கடக்கும்போது தண்ணீர் அதன் மேலாகப் பாயத் தொடங்கியிருந்தது. நாங்கள் கடந்து சற்றுத் தூரம் போனதும் பின்னால் ஒரு இரைச்சல். திரும்பிப் பார்த்தால் மதகைக் காணவில்லை, சிவப்புத் தண்ணீர்தான் ஓடியது. வான்கதவு திறந்துவிட்டது.

வாடி கிணற்றடியில்தான் இருந்தது. வினோஜன் ஓலைப் பாயில் கிடந்தான். கால் தொடைவரை வீங்கிக் கறுத்திருந்தது, உதட்டோரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவனை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"மாமி" என்றான்.

"மேர்லின் எங்க?"

"உங்களக் கூட்டி வரப் போனவ. வழி தெரியாம மேட்டில நிப்பீங்க எண்டு... வரம்பால போனவ."

நாங்கள் மேலால் சுற்றி வர, அவள் கீழால் நடந்து போயிருக்கிறாள். மழைக்குள் அந்தப் பக்கம் பார்த்தேன். வரம்புகள் எதுவும் தெரியவில்லை. வெள்ளத்துக்கு அங்காலே பனை மட்டும் நின்றது, அதனடியில் ஆள் நிற்கிறதா இல்லையா என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கத்தினேன். மழை என் குரலைத் தின்றுவிட்டது.

"அவவ முதல்ல கூட்டிக்கிட்டு வாங்க மாமி" என்றான் வினோஜன். "மறுகா என்னக் கொண்டு போவம்."

முனாப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேட்டுக்குப் போக ஜீப்புக்கு வழி இல்லை. வெளியேற மேற்கே காட்டோரத்தால் சுற்றித் தார் ரோட்டில் ஏறும் ஒரு பாதை இருந்தது, அது தாளில் மட்டும்தான் இருந்தது, அதைப் பார்த்து ஓட்டச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. நான் இங்கே நின்று மகளுக்காகக் கத்திக்கொண்டிருந்தால் இவன் இங்கேயே முடிந்துவிடுவான். மேடு உயரம், தண்ணீர் அதன் மேல் ஏறாது. அவள் அங்கே நின்றால் பிழைப்பாள். நின்றால்! புருஷனைத் தேடி வெள்ளத்தில் இறங்கினால்?

பெற்ற பிள்ளையை வெள்ளத்துக்குள் விட்டுவிட்டுப் போகிறேனே என்று எனக்குள் ஒரு பிசாசு அலறியது. நான் போனேன். அவனைத் தூக்கிப் பின்சீற்றில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதை முழுக்க யானை லத்தியும் முள்ளும். மடியில் அவன், முழங்காலில் தாள், கையில் கருவி. "நேரே. இன்னும் நேரே. இப்ப வலக்கைப் பக்கம்." ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான், ஆனால் கத்தவில்லை.

"மாமி, இன்னும் கோவமா?"

"ஓம், கோவம்தான். பாம்பு கடிச்சா ஆசுப்பத்திரிக்குப் போகத் தெரியாத மடையனுக்கு என்ட புள்ளயக் குடுத்தனே எண்டு கோவம். பேசாமக் கிட."

"நீங்க குடுக்கல்லயே" என்றான். சிரிக்கவும் பார்த்தான். பல்லெல்லாம் இரத்தம். நான் என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். பிறகு அவன் கதைக்கவில்லை. "மனே" என்று கூப்பிட்டேன். "வினோஜன், மனே, கண்ண மூடாத, என்னப் பார்." மூன்று வருடமாக அடக்கிவைத்த பெயரை அந்தக் காட்டுப் பாதை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

தார் ரோட்டுக்கு ஏறியதும் போனுக்குக் கவரேஜ் வந்தது. அம்புலன்ஸ் நின்றது. அதன் பின்பக்கத்தில் அவனைக் கிடத்தி, வெள்ளைச் சேர்ட் போட்ட மனிதர் அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். பக்கத்தில் வெள்ளத்துக்கு உதவ வள்ளத்தோடு நின்ற படைக்காரரிடம் நான் ஓடினேன். அவர்களிடமும் கட்டம் போட்ட தாள் இருந்தது. ஆறு இலக்கத்தையும் சொன்னேன், இரண்டாம் முறை திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்த்தேன். "என்ட மகள் அதிலதான் நிக்கிறாள்" என்றேன். அவர்கள் வள்ளத்தை இறக்கினார்கள். வெள்ளம் இழுக்கிற இழுவையில் போய்ச் சேரச் சுணங்கும் என்றார்கள்.

திரும்பி வந்தபோது அந்த மனிதர் கையை எடுத்திருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். முனாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஓதினான். நான் அம்புலன்சுக்குள் ஏறி அவன் கையைப் பிடித்தேன். இன்னும் சூடு இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. மேர்லின்.

"அம்மா! எங்க நிக்கிறீங்க? நான் மேட்டில நிக்கிறன். ஜீப் தடம் கிடக்கு, உங்களக் காணல்ல. அவர் அங்க தனியக் கிடக்காரம்மா. நான் இறங்கி நீந்திப் போகப் போறன், தண்ணி நெஞ்சளவுதான் இரிக்கும்."

"இறங்காத! அவன் எங்களோட. தார் ரோட்டுக்குக் கொண்டு வந்திட்டம்."

அவள் 'ஓ' என்று அழுதாள். சந்தோசத்தில் அழுதாள். அந்தச் சத்தம் என் காதுக்குள் இறங்கி நெஞ்சைப் பிளந்தது.

"அப்ப நான் வாறன். குறுக்கால நீந்தி வந்திடுவன், அவரோட ஆசுப்பத்திரிக்குப் போகணும்."

"வள்ளம் வருது. அசையாம நில், புள்ள."

"உங்களுக்கு எப்பயும் இதுதான். நில், போகாத, செய்யாத! நான் வாறன்."

நான் சொன்னால் அவள் எப்போது கேட்டாள்? அவன் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது.

"நான் சொல்லல்ல மகள். அவன்தான் சொல்லுறான். நீ அதிலயே நிக்கட்டாம். தண்ணிக்குள்ள காலே வைக்கக் கூடாதாம்."

"அவரா சொன்னவர்? கதைக்கிறாரா? போன அவர்ட்டக் குடுங்கம்மா."

"வாயில ஒக்சிஜன் போட்டிரிக்கு. சத்தமாக் கதைக்கேலாது. எனக்கிட்டத்தான் மெல்லச் சொல்லுறான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி. நான் நிக்கிறன். வள்ளம் வரும்வரைக்கும் நிக்கிறன் எண்டு அவர்ட்டச் சொல்லுங்க. இப்பயே சொல்லுங்க, எனக்குக் கேக்கணும்."

நான் போனை மூடாமல் குனிந்து, அவன் காதுக்குள் சொன்னேன்.

"நிக்கிறாளாம், மனே."