ஒரு தலை குறைவு

பஸ் கேட்டுப் போன புத்தூர் ஆபீசில் குமாஸ்தா தலைக்கணக்கு நோட்டைப் புரட்டி, "ஓதிமேடு, நானூத்தித் தொண்ணூத்தொம்பது" என்று படித்ததும் திருமலை சிரித்துவிட்டான். அவன் பெண்சாதி செங்கம்மா சிரிக்கவில்லை. ஊரில் ஐந்நூறு தலை இருந்தால்தான் ரோடு போட்டு பஸ் விடுவார்களாம். அந்த ஐந்நூறாவது தலை அவள் இடுப்பில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

எல்லை பிரிப்பதற்கு முன்னால் திருத்தணியிலிருந்து காலையில் ஒரு நடை பஸ் வரும். சாயங்காலம் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்ட பிள்ளைகள் காலைவரைக்கும் காத்திருக்குமா? செங்கம்மாவின் முதல் இரண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே கண்ணை மூடின. போன வருஷம் கோடு போட்டார்கள். திருத்தணி தமிழ்ப் பக்கம் போனது, ஓதிமேடு தெலுங்குப் பக்கம் நின்றது, இருந்த ஒரு பஸ்ஸும் நின்றுபோனது. மூன்றாவதுக்கும் இப்போது காய்ச்சல் வந்தால் கண் சொருகுகிறது.

இந்த மூன்றாவது பிறந்த அன்றே முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு மணியம்மா ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். தவிட்டம்மா என்று பேரும் வைத்தாயிற்று. பால் கொடுத்தது, வளர்த்தது எல்லாம் செங்கம்மாதான். ஆனால் என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எமன் காது கூர்மையானது, கேட்டால் தேடிக்கொண்டு வந்துவிடுவான்.

தலை எண்ண வந்த வாத்தியாரிடம் எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லி அனுப்பினாள். வாங்கினவள் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்தாள். மணியம்மாவோ, பெற்றவள் சொல்லியிருப்பாள் என்று தன்னுடைய மூன்று பிள்ளைகளை மட்டும் சொன்னாள். எமனை ஏமாற்றப் போய் சர்க்காரை ஏமாற்றிவிட்டார்கள்.

"ஒரு தலைதானே சார், பார்த்து செய்ங்க" என்றான் திருமலை.

"எங்கே, இருந்தா காட்டு" என்ற குமாஸ்தா செங்கம்மாவைப் பார்த்தார். "எவரி பில்லம்மா இதி? யார் புள்ள?"

திருமலை அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். நாலு வருஷம் பொத்திக் காத்த வார்த்தை. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். பிள்ளையின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் பெத்தது சாமி. நோட்டுல ஏறல. எழுதிக்கோ."

குமாஸ்தா கெட்டவர் இல்லை. பேனாவைக்கூட எடுத்தார். அப்புறம் கீழே வைத்தார்.

"நான் எழுதினா யாரும்மா ஒத்துக்குவாங்க? கணக்கு முடிஞ்சி ஐதராபாத் போயிடுச்சி. இனிமே பத்து வருஷம் கழிச்சி எழுபத்தொண்ணுலதான்."

"அப்போ இதுக்குப் பதினாலு வயசு ஆயிடும் சார்" என்றான் திருமலை.

"ஆகட்டுமேய்யா. நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு அவர் அடுத்த ஊரைக் கூப்பிட்டார்.

ஊருக்கு ஒன்பது மைல். வெயிலில் நடந்தார்கள். ஏரிக்கரை தாண்டியதும் திருமலைக்குப் பொறுக்கவில்லை.

"தலையாட்னேன் இல்ல? ஏன் சொன்ன?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? வாயை மூடிக்கினு இருந்தா பஸ்ஸு வந்துடுமா?"

பஸ்ஸும் இல்லை, சொல்லக் கூடாததைச் சொல்லியும் ஆயிற்று. செங்கம்மா நடந்துகொண்டே பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டாள். பத்தடி போய் மறுபடி தொட்டாள்.

அதுவரை அவளை அத்தை என்றே கூப்பிட்டு வந்த பிள்ளை, தோளிலிருந்து முகத்தை நிமிர்த்தி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"அம்மா, தண்ணி."

செங்கம்மா சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள். திருமலை நின்று, ஆள் நடமாட்டமே இல்லாத கரம்பு நிலத்தை நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.