பொட்டு வைக்காத இடம்

1

“எங்கேர்ந்துடி ஆரம்பிப்பே?”

கொல்லைக் கதவோரம் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அஞ்சுகம் அண்ணி நீலாவிடம் கேட்ட கேள்வி இது. நீலா ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை மறுபடி சீவினாள்.

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. அண்ணி கேட்டது தன் முகத்தை வரைவதைப் பற்றி. ஆனால் எழுத உட்கார்ந்தால் அதே கேள்வி என்னையும் பார்த்துக் கேட்கிறது. எழுதிப் பார்த்த தொடக்கங்கள் கீழே இருக்கின்றன. அடித்தவற்றை அழிக்கவில்லை.

“நெரவியில் மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில்…” (அன்று எங்கள் ஊரில் மழையே இல்லை. மழை இருந்தால் கதை நன்றாக இருக்கும் என்று சேர்த்தேன்.)

“தங்கையன் பம்பாய்க்குப் போன பிறகு…” (இது அண்ணி வீட்டுக்காரரின் கதை இல்லை.)

“நீலாயதாட்சி ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை…” (இதை முடிக்க முடியவில்லை.)

ஏன் முடிக்க முடியவில்லை என்றால், நீலாயதாட்சி நான்தான். ‘நான்’ என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. ‘அவள்’ என்று எழுதினால் ஓடுகிறது. கண்ணாடியைப் பார்த்து என்னை வரைந்தபோதும் இப்படித்தான் ஆனது. என் முகம் என்று நினைத்தவரை ஒரு கோடும் சரியாக விழவில்லை. யாரோ ஒரு பெண் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டதும் முகம் வந்துவிட்டது. ஆகவே இனி அவள்.

2

அவள் பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய காரணம் தேடாதீர்கள். வீட்டில் கஷ்டம் இல்லை, யாரும் போகாதே என்று சொல்லவும் இல்லை. வகுப்பில் பேரைச் சொல்லி எழுப்பினால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அவள் போகவில்லை. “நாளைக்குப் போறியா?” என்று அப்பா உத்திராபதி கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். நடவு வந்ததும் கேட்க மறந்துபோனார்.

வீட்டில் இருந்தபோது பொழுதுபோகாமல் முகங்கள் வரைந்தாள். முதலில் கோலம் போடுகிறவள் கையோடு வரைந்தாள். ஒரு வட்டம், அதற்குள் கண்ணுக்கு இரண்டு மீன், மூக்குக்கு ஒரு கொக்கி. எல்லா முகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் இருந்தன.

ஒரு நாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. அவள் துணிக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரை வரைந்துகொண்டிருந்தாள். மூக்குக்கு வந்ததும் கொக்கியைத் தேடினாள். அப்பாவின் முகத்தில் கொக்கி எங்கும் இல்லை. கோடே இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு நிழல் மட்டும் இருந்தது, கன்னத்தில் சாய்ந்து படுத்திருந்தது. அந்த நிழலை மட்டும் தீட்டினாள். விரலால் மெல்லத் தேய்த்தாள். மூக்கைத் தொடவே இல்லை. மூக்கு தானாக வந்து உட்கார்ந்தது.

(இந்த வரியை எத்தனை விதமாக எழுதினாலும் அன்று நெஞ்சு அடித்துக்கொண்டது எழுத்தில் வரவில்லை. ‘அளவற்ற மகிழ்ச்சி அடைந்தாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரைபோல் இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள் என்பது உண்மை. சொம்பை வைத்துவிட்டு வந்து மறுபடி படத்தைப் பார்த்தாள் என்பதும் உண்மை.)

படத்தைப் பார்த்த அப்பா வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

“நான் இவ்வளவு வாயைத் தொறந்துகிட்டா தூங்குறேன்?”

“சத்தம் ஒண்ணுதான் கொறையுது,” என்றாள் அம்மா கமலாம்பாள்.

அடுத்த முறை காரைக்கால் போனபோது அப்பா கடையில் நின்று, “இருக்கிறதுலேயே கறுப்பா எழுதுற பென்சில் குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்தார். மெத்தென்ற பென்சில். தாளில் வைத்தால் மை இட்டதுபோல் இறங்கும். ஏன் வாங்கினேன், எதற்கு வாங்கினேன் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதையில் அப்பாவைக் கொஞ்சம் கண்டிப்பானவராக ஆக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு எதிர்ப்பு வேண்டும் என்பார்கள். பென்சில் நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

3

இனி அஞ்சுகம் அண்ணி.

அவள் எங்கள் தெருக் கோடியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் தங்கையன் எனக்கு அண்ணன் முறை. துபாய்க்குப் போகிறேன் என்று பம்பாய்க்குப் போனார். விசா வருகிற வரையில் ஏதோ ஒரு லாட்ஜில் ஊர்க்காரர்களோடு தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. பிறகு தகவல் நின்றது. துபாயில் பார்த்தேன் என்றார் ஒருவர். பம்பாயிலேயே காய்ச்சலில் கிடந்தார் என்றார் இன்னொருவர். நேரில் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. அவர் போனபோது நீலா பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள், இப்போது தாவணி.

ஊரில் யாரும் அண்ணியை ஒன்றும் கேட்பதில்லை. எதிரே வந்தால் முதலில் அவள் நெற்றியைப் பார்ப்பார்கள். பொட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் “சாப்டாச்சா?” என்பார்கள். அண்ணி குங்குமத்தை ஒரு காசு அகலத்துக்கு வைத்தாள். வருஷம் போகப் போக அது பெரிதானது.

காரைக்கால்காரர் சேக் பரீது பம்பாய்க்கும் ஊருக்கும் போய்வருகிறவர். இந்த முறை அவர் கிளம்புவதற்குள் தன் படம் ஒன்றை அவரிடம் கொடுத்து அனுப்ப அண்ணி முடிவு செய்தாள். நம் ஊர் ஆட்கள் தங்குகிற இடங்களில் எல்லாம் அவர் அதைக் காட்டுவார்.

“ஸ்டுடியோவுல எடுக்கலாமே அண்ணி,” என்றாள் நீலா.

“அவன் சிரிங்கம்பான். எனக்கு இப்ப சிரிக்க வரல. நீ சிரிக்கச் சொல்லமாட்டே.”

“எனக்கு இன்னும் சரியா வராது.”

“உங்கப்பா படத்துல வாய்க்குள்ள கடவாய்ப் பல்லுகூடத் தெரியுது. எனக்கு வராதா? வரைடி. இந்த மொகத்தைப் பார்த்தா வருவாரு. பார்த்தும் வரலேன்னா, அதையும் தெரிஞ்சுக்கிறேன். ரெண்டுல ஒண்ணு தெரியாமத்தான் முடியல.”

4

எங்கேர்ந்து ஆரம்பிப்பே என்ற அந்தக் கேள்விக்கு நீலா சொன்ன பதிலை மேலே எழுதாமல் விட்டேன். பென்சிலைச் சீவி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“காதுலேர்ந்து, அண்ணி.”

“அப்பாடா,” என்றாள் அஞ்சுகம். “ஊர்ல எல்லாரும் நெத்தியிலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க.”

சொல்லிவிட்டுத் தோளைத் தளர்த்தி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மத்தியானங்களில் வருவாள். முருங்கைக் கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டே உட்காருவாள். காதிலிருந்து தாடைக்கு வந்தார்கள். தாடையிலிருந்து உதடு. நீலாவுக்கு அதுவரை யாரையும் நேராக நிமிர்ந்து பார்த்துப் பழக்கம் இல்லை. பென்சில் கையில் இருந்தால் பார்க்க முடிந்தது. பார்ப்பது இங்கே வேலை, வேலைக்குக் கூச்சம் கிடையாது. அண்ணியின் கீழுதட்டில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தது. இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் ஏறி, எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. இதெல்லாம் ஒரே தெருவில் இத்தனை நாள் இருந்தும் தெரியாமல் போனதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்து வீட்டு லோகாம்பாள் ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்னாடி அஞ்சுகம், படம் ஜோரா வருதா? சொல்லிடு, மாலை நான் கட்டியாரேன்.”

எங்கள் பக்கத்தில் சட்டம் போட்டு முகத்தை மாட்டினால் அது செத்தவர் முகம்தான். உயிரோடு இருக்கிறவர் யாரும் உட்கார்ந்து வரைந்துகொள்வதில்லை. நீலாவின் கை நின்றுபோனது.

அண்ணி தலையைத் திருப்பவில்லை. காது வரைகிற பக்கம் அசையக் கூடாது என்று நீலா சொல்லியிருந்தாள்.

“மாலையை அப்பறம் கட்டலாம். மொதல்ல உங்க ஆட்டைக் கட்டுங்க. எங்க முருங்கைக் கன்னைத் தின்னே தீத்துடுச்சு.”

நீலா சிரித்ததில் கோடு இழுத்துக்கொண்டது. இன்னும் படத்தில் தாடைக்குக் கீழே அந்தக் கோடு இருக்கும். ரப்பரால் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை.

5

இங்கே நீலாவின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. வாசிக்கிற நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசியில் மிஞ்சியது நெற்றி. அன்று அண்ணி நடவிலிருந்து நேராக வந்தாள். வெயில் உச்சி. முகமெல்லாம் வேர்வை. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். துடைத்ததில் குங்குமம் சுத்தமாகப் போய்விட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

பொட்டு இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம் இருந்தது. வருஷக்கணக்காகக் குங்குமம் இருந்து இருந்து, அந்த இடத்துத் தோல் மட்டும் நிறம் மாறிப்போயிருந்தது. பொட்டு வைக்காதபோதும் பொட்டின் அச்சு அங்கே இருந்தது.

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த நொடியே, “பொட்டு அழிஞ்சிருக்கு, வச்சுக்க” என்று சொல்லியிருப்பாள். சிமிழை எடுத்து நீட்டியிருப்பாள். கமலாம்பாள் அந்தப் பக்கம் வந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். நீலா சொல்லவில்லை.

(அ. சொல்லக் கூச்சப்பட்டாள் என்று எழுதலாம். நம்பும்படி இருக்கும்.

ஆ. பென்சிலில் சிவப்புக் கிடையாது, குங்குமத்தை வரைந்தால் நெற்றியில் கரி அப்பியதுபோல் இருக்கும், அதனால் என்று எழுதலாம். அதுவும் பொய் இல்லை.

இ. அவள் அப்போது பொட்டையே நினைக்கவில்லை. நெற்றியில் வெளிச்சம் எப்படி வந்து விழுகிறது, அந்த வட்டத்தில் மட்டும் எப்படித் தங்குகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.)

அவள் நெற்றி முழுவதும் மெல்லிய சாம்பல் நிறம் தீட்டினாள். பஞ்சால் ஒற்றினாள். அந்த வட்டத்தைச் சுற்றி வந்தாள், உள்ளே போகவில்லை. அங்கே வெறும் தாள் இருந்தது. எடுத்துத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, தாளில் இருந்தது படமாகத் தெரியவில்லை. அஞ்சுகம் அண்ணி இருந்தாள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். எழுதிப் பார்த்தவை இவை.

தங்கையன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். நெரவியில் பஸ் நிற்கிறது. படியில் கால் வைக்கிறார். இதுவரை எழுதினேன். இறங்குகிற ஆளுக்கு முகம் வேண்டுமே. எனக்கு அவர் முகம் நினைவில்லை. முகம் இல்லாத ஆளை எப்படி இறக்கிவிடுவது? பஸ் கிளம்பிப் போய்விட்டது.

“என்னை என்னாடி பண்ணி வச்சிருக்கே?” என்று அண்ணி படத்தைக் கிழிக்கிறாள். இது லோகாம்பாளுக்குப் பிடிக்கிற முடிவு. அதனால் விட்டேன்.

அண்ணி தன் நெற்றிக் குங்குமத்தை விரலில் தொட்டு, படத்தில் அந்த வட்டத்தில் வைக்கிறாள். கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு சிவப்பு. படிக்க அழகாக இருக்கிறது. அந்த அழகின் மேல்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

படம் யாரிடம் போனது, எப்படிப் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். சேக் பரீது அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார் என்பது வரை எனக்குத் தெரியும். அவர் கையில் சேர்ந்தபோது அந்த வட்டம் வெள்ளையாக இருந்ததா, கறுப்பாக இருந்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எது நடந்திருந்தாலும், அந்த வட்டம் அண்ணியுடையது. கதைக்காக அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள், விட்டும் வைக்கலாம்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சேக் பரீது கிளம்புகிற அன்று காலையில் அண்ணி குளித்து, நல்ல புடவை கட்டி, நெற்றி நிறைய பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நீலா படத்தைக் கொடுத்தாள். அண்ணி அதைக் கதவோர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலை அந்த வெள்ளை வட்டத்துக்கு மேலே கொண்டுபோனாள், தொடவில்லை. பிறகு அதே விரலைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் தொடவில்லை.

நீலா அந்தக் கறுப்புப் பென்சிலை நீட்டினாள்.

“வேணும்னா பொட்டை நீங்களே வச்சுக்குங்க, அண்ணி.”

அஞ்சுகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடது புருவம் அப்போது ஏறியிருக்கவில்லை. படத்தைப் பதமாகச் சுருட்டினாள். பென்சிலை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். கொல்லைக் கதவைத் தாண்டி, லோகாம்பாளின் வேலியோரமாக நடந்து போனாள்.